கடலின் நேரத்துக்கு ஒரு விடுமுறை

குடும்பத்தோடு கடற்கரைக்குப் போவது என்று முடிவானதும் வீட்டில் முதலில் எழும் கேள்வி எங்கே தங்குவது என்பதுதான். எத்தனை அறை, ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியுமா, நீச்சல் குளம் உண்டா. நான் அதற்கு முன்னால் வேறொன்றைத் தேடுவேன். நாங்கள் போக நினைக்கும் தேதிகளில் அந்தக் கரையில் கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று சொல்லும் ஓத அட்டவணை. இணையத்தில் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். அதைப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

மலைக்கோ பழைய நகரத்துக்கோ போனால் நாம் எந்நேரம் போனாலும் அவை அப்படியேதான் இருக்கும். கடற்கரை அப்படி இல்லை. காலையில் குழந்தைகள் ஓடி விளையாடிய மணல்வெளி மதியம் தண்ணீருக்கு அடியில் போயிருக்கும். ஒன்பது மணிக்கு அசையாமல் கிடந்த கடல் மூன்று மணிக்கு நுரைத்துக்கொண்டு நிற்கும். கடலுக்கென்று ஒரு நேரம் இருக்கிறது. அதை முதலில் தெரிந்துகொண்டு, நம் சாப்பாடு, தூக்கம், ஊர் சுற்றல் எல்லாவற்றையும் அதற்குள் பொருத்திக்கொள்ள வேண்டும். அதைச் செய்துவிட்டாலே குடும்ப விடுமுறை பாதி அமைந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் மாதம். வெயில் உச்சத்தில் இருக்கும் மாதமும் கடல் வெதுவெதுப்பாக இருக்கும் மாதமும் ஒன்றல்ல. தண்ணீர் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். வெப்பமண்டலத்துக்கு வெளியே உள்ள கரைகளில் ஆண்டின் நீண்ட பகல் வந்துபோய் ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் கடல் நீர் அதிகச் சூட்டை எட்டும். கோடைத் தொடக்கத்தில் போனால் வெயில் கொளுத்தும், தண்ணீரில் கால் வைத்தால் சில்லென்று இருக்கும், குழந்தைகள் பத்து நிமிடத்தில் நடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். வெப்பமண்டலக் கரைகளில் தண்ணீரின் சூடு ஒரு பிரச்சினை இல்லை. அங்கே பார்க்க வேண்டியது பருவக்காற்று. காற்று கரையை நோக்கி மாதக்கணக்கில் வீசும் பருவத்தில் வெயில் அடித்தாலும் கடல் கொந்தளிப்பாகவே இருக்கும். பள்ளி விடுமுறைதான் தேதியை முடிவு செய்கிறது என்றால், தேதியை மாற்ற முடியாது, கரையை மாற்றலாம்.

கரையை எப்படித் தேர்ந்தெடுப்பது? விளம்பரப் படங்களில் எல்லாக் கடலும் நீலமாகத்தான் இருக்கும். நான் படத்தில் மணலைப் பார்ப்பேன். பருமணல் உள்ள கரை பெரும்பாலும் சரிவாக இருக்கும். ஏறி வரும் அலையின் தண்ணீர் பெரிய மணல்களுக்கு நடுவே சட்டென்று கீழே இறங்கிவிடும். அதனால் திரும்பிப் போகும் தண்ணீருக்கு மணலை இழுத்துச் செல்லும் வலு குறைவு. மணல் மேலேயே குவிந்து குவிந்து கரை செங்குத்தாகிவிடுகிறது. நுண்மணலில் தண்ணீர் அவ்வளவு எளிதாக இறங்காது, திரும்பும்போது மணலையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் அந்தக் கரை தட்டையாக, வெகுதூரம் ஆழமில்லாமல் இருக்கும்.

இது வெறும் நிலவியல் பாடம் இல்லை. சரிவான கரையில் அலை கடலுக்குள் உடையாது, நம் காலடியில் வந்து உடையும். வயதானவரையும் சின்னக் குழந்தையையும் அப்படியே புரட்டிப் போட்டுவிடும். இரண்டு எட்டு வைத்தால் இடுப்பளவு, மூன்றாவது எட்டில் கழுத்தளவு. தட்டையான கரையில் குழந்தை முழங்கால் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். ஆனால் அங்கே கடல் ஏறும்போது மளமளவென்று ஏறும், தள்ளிப்போய் நின்றிருந்தால் பின்னால் தண்ணீர் சூழ்ந்துவிடும். சிறுபிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு நான் தேடுவது, இரண்டு பக்கமும் நிலம் நீட்டிக்கொண்டு நடுவில் வளைந்து கிடக்கும் விரிகுடா. திறந்த கடலின் பெரிய அலை அங்கே வந்து சேருவதற்குள் ஓரளவு வலுவிழந்துவிடும். கூடவே உயிர்காப்பாளர் இருக்கும் கரையா என்று பார்ப்பேன். எந்த மாதம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை அவர்கள் பணியில் இருப்பார்கள் என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டும் அமைந்தால் அறை சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

அறையைப் பற்றி எனக்கிருக்கும் ஒரே பிடிவாதம் தூரம். கடற்கரைக்கு ஐந்து நிமிடம் என்று போட்டிருப்பார்கள். அது இளைஞர் ஒருவர் கையை வீசிக்கொண்டு நடக்கும் ஐந்து நிமிடம். தோளில் ஒரு குழந்தை, கையில் பை, பக்கத்தில் மூட்டுவலி உள்ள பாட்டி, காலுக்கடியில் புதையும் காய்ந்த மணல் என்றால் அது இருபது நிமிடம் ஆகிவிடும். மதிய வெயிலில் திரும்பி வந்து படுக்க முடிகிற தூரத்தில் அறை இருந்தால் ஒரு நாளைக்கு இரண்டு முறை கடலுக்குப் போகலாம். தூரமாக இருந்தால் ஒரே மூச்சில் முழு நாளும் வெயிலில் கிடக்கத்தான் தோன்றும். எல்லாருக்கும் தலைவலி வருவது அன்றைக்குத்தான்.

சரி, ஓத அட்டவணைக்கு வருகிறேன். பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை ஏழு மணிக்கு வற்றினால் நாளை ஏழு ஐம்பது வாக்கில், மறுநாள் எட்டு நாற்பது வாக்கில். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றுவதும் அதிகம். அட்டமியை ஒட்டி இரண்டும் அடங்கியிருக்கும். இடத்துக்கு இடம் இது பெரிதும் மாறும். மத்தியதரைக் கடலின் பெரும்பாலான கரைகளில் ஏற்ற இறக்கம் கண்ணுக்கே அவ்வளவாகத் தெரியாது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 16 மீட்டர் வரை போகும், அதாவது ஐந்து மாடி உயரம்.

இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடல் வற்றியிருக்கும் காலைகளைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவேன். அகன்ற ஈர மணல், பாறை இடுக்குகளில் தேங்கிய குட்டிக் குளங்கள், அதற்குள் நண்டு, நத்தை, சின்ன மீன். அலை உடையும் இடம் எங்கேயோ இருக்கும். நடக்க விரும்பும் பெரியவர்களுக்கும் அதுதான் நல்ல நேரம், ஈர மணல் கெட்டியாக இருப்பதால் கால் புதையாது. கடல் முழுக்க ஏறி மணலே இல்லாமல் போகிற மணி நேரங்களில் சாப்பாடு, தூக்கம், ஊருக்குள் ஒரு சுற்று. பாறைகளைச் சுற்றி அடுத்த வளைவுக்கு நடந்து போவதென்றால் கடல் வற்றத் தொடங்கியபின் கிளம்பி, ஏறத் தொடங்குவதற்கு முன் திரும்பிவிட வேண்டும்.

சூரியனுக்கும் காற்றுக்கும் வேறொரு கணக்கு. வெயில் ஏற ஏற நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி எழும்ப, கடல் பக்கமிருந்து குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வருகிறது. முற்பகலில் தொடங்கிப் பிற்பகலில் வலுக்கும் அந்தக் காற்றுதான் மதியத்துக்கு மேல் கடலைக் கலக்கிவிடுகிறது. ஆகவே நீந்தப் பழகும் பிள்ளைகளுக்குக் காலை, பட்டம் விடும் பிள்ளைகளுக்கு மாலை. காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் நேரங்களும் உண்டு. அப்போது கரையோரத் தண்ணீர் மிக அமைதியாகத் தெரியும். காற்று ஊதிய மிதவைகளுக்கு அதுதான் மிக ஆபத்தான நேரம். மேலே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தெரியாமலே மிதவை வெளியே நகர்ந்துகொண்டிருக்கும். திறந்த கடலில் காற்றடைத்த மிதவை வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் வீட்டு விதி. நீச்சல் குளத்துக்கு வேண்டுமானால் எடுத்துப் போகலாம்.

வெயிலைப் பற்றி ஒரு எளிய வழி உண்டு. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதாக் கதிர் வலுவாக இருக்கிறது என்று பொருள். பெரும்பாலான வானிலைச் செயலிகளில் யூவி குறியீடு என்று ஒரு எண் இருக்கும். 3-லிருந்து பாதுகாப்பு தேவை, 8-லிருந்து மிக அதிகம், 11-ஐத் தொட்டால் உச்சம். தண்ணீருக்குள் இருந்தால் தோல் தப்பிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அரை மீட்டர் ஆழத்தில்கூட மேற்பரப்பில் இருக்கும் புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய 40 சதவீதம் இருக்கும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. மெல்லிய மேகமும் அதைத் தடுக்காது. சன்ஸ்க்ரீன் வாங்கும்போது எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. எஸ்பிஎஃப் 30 உள்ளது தோலைச் சிவக்க வைக்கும் கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 உள்ளது சுமார் 98. வித்தியாசம் அவ்வளவுதான். தாராளமாகப் பூசுவதும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் குளித்துத் துவட்டிய பிறகும் மறுபடி பூசுவதும்தான் முக்கியம். அதைவிட நம்பிக்கையானது முழுக்கைச் சட்டையும் அகன்ற தொப்பியும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குச் சன்ஸ்க்ரீனை நம்பாமல் நிழலிலேயே வைத்துக்கொள்வதுதான் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் வழி.

இனி நான் அதிகம் பேச விரும்பும் விஷயம். எந்தக் கரைக்குப் போனாலும் முதல் நாள் பையை இறக்கியதும் நாங்கள் நேராகத் தண்ணீருக்குப் போவதில்லை. மணல் மேட்டிலோ படிக்கட்டிலோ உயரமான இடத்தில் கால் மணி நேரம் உட்காருவோம். பிள்ளைகளிடம் கேட்பேன்: "எங்க இறங்கலாம்னு நினைக்கிறீங்க?" இளையவள் எப்போதும் அலை உடையாமல் சாதுவாக இருக்கும் இடத்தைத்தான் காட்டுவாள். இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் மட்டும் கொஞ்சம் கருத்து, அமைதியாக ஒரு வழி. பார்த்தால் யாருக்கும் அங்கேதான் இறங்கத் தோன்றும். பெரும்பாலும் அதுதான் இழுப்பு நீரோட்டம், ரிப் கரன்ட் என்கிறார்களே, அது. அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் கடலுக்குத் திரும்பிப் போகும் பாதை அது. அங்கே ஆழம் அதிகம், அதனால்தான் அலை உடைவதில்லை. கலங்கிய மணலும் நுரையும் அந்த வழியாக வெளியே நகர்ந்துகொண்டிருப்பதை உற்றுப் பார்த்தால் தெரியும். "அதோ அந்த நுரைத் துண்டைப் பாரு, எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டால் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்த நீரோட்டம் யாரையும் அடியில் இழுத்து அமுக்குவதில்லை, கரையிலிருந்து வெளியேதான் கொண்டுபோகும். வலுவானவற்றின் வேகம் விநாடிக்கு 2 மீட்டருக்கும் மேல். ஒலிம்பிக் நீச்சல் வீரராலும் அதை எதிர்த்து நீந்திக் கரை சேர முடியாது. உயிர் போவது பெரும்பாலும் பதறி, கரையைப் பார்த்தபடியே எதிர்த்து நீந்தி, களைத்துப்போவதால். ஆகவே எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்திருப்பது இதுதான். மாட்டிக்கொண்டால் மல்லாந்து மித, ஒரு கையைத் தூக்கி ஆட்டு, கத்திக் கூப்பிடு. தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, அலை உடையும் பக்கமாக நீந்து. கரைக்கு நேராக நீந்தாதே. பெரியவர்களுக்கும் ஒரு விதி உண்டு. இழுத்துச் செல்லப்படும் ஒருவரைப் பார்த்தால் வெறுங்கையோடு குதிக்கக் கூடாது. உயிர்காப்பாளரைக் கூப்பிட வேண்டும், மிதக்கும் பொருள் எது கிடைத்தாலும் எறிய வேண்டும். காப்பாற்றப் போய் மூழ்கியவர்கள் நிறைய.

கரையில் கொடிகள் இருந்தால் அவற்றை முதல் நாளே பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும். பல நாடுகளில் வழக்கத்தில் இருப்பது இது. மேலே சிவப்பு, கீழே மஞ்சள் என்று இருந்தால் உயிர்காப்பாளர் கண்காணிக்கும் பகுதி, அந்த இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்க வேண்டும். ஒற்றைச் சிவப்பு என்றால் ஆபத்து அதிகம். இரட்டைச் சிவப்பு என்றால் தண்ணீரில் இறங்கவே கூடாது. ஊதா நிறம் ஜெல்லிமீன் போன்றவை வந்திருக்கின்றன என்பதற்கு.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு, அவர்கள் விளையாடட்டுமே என்று சொல்பவர்கள் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் ஃபூக்கெட் தீவில் மாய் காவ் கடற்கரையில் பெற்றோருடன் விடுமுறையில் இருந்தாள் டில்லி ஸ்மித் என்ற 10 வயது பிரிட்டிஷ் சிறுமி. தண்ணீர் வித்தியாசமாக நுரைத்துக்கொண்டு வருவதைக் கவனித்தாள். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்புதான் பள்ளியில் புவியியல் பாடத்தில் சுனாமியைப் பற்றிப் படித்திருந்தாள். பெற்றோரிடம் விடாமல் சொன்னாள், அவர்கள் மற்றவர்களை எச்சரித்தார்கள், கரை காலியானது. அந்தக் கரையில் இருந்தவர்கள் உயிர் பிழைத்தார்கள். பிள்ளைகள் கடலைப் பெரியவர்களைவிட உன்னிப்பாகப் பார்க்கிறார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் நாம் சொல்லித்தந்தால் போதும்.

தண்ணீரைப் பார்த்துக்கொள்வது யார் என்பதுதான் குடும்ப விடுமுறையில் தீர்க்கப்படாமலே இருக்கும் கேள்வி. பெரியவர்கள் எட்டுப் பேர் இருந்தால் எட்டுப் பேரும் மற்றவர் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் அம்மா ஒருத்தியே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பாள், அவளுக்கு அது விடுமுறையே இல்லை. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2021-ல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள், அவர்களில் குழந்தைகள் மிக அதிகம். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது, கையை வீசி உதைக்காது. மூச்சு விடவே முடியாதபோது சத்தம் எங்கிருந்து வரும்? சத்தமில்லாமல் ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம்.

எங்கள் குடும்பத்தில் இதற்காக ஒரு மஞ்சள் தொப்பி வைத்திருக்கிறோம். அதைப் போட்டிருப்பவர் தண்ணீரை மட்டும்தான் பார்க்க வேண்டும். புத்தகம் இல்லை, போன் இல்லை, யாரோடும் பேச்சு இல்லை. அரை மணி நேரம் ஆனதும் அடுத்தவர் தலைக்கு மாற்றுவோம். மாற்றும்போது "வாங்கிக்கிட்டேன்" என்று வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். ஒரு முறை என் தங்கை பையிலிருந்து போனை எடுத்ததும் மணலில் உட்கார்ந்திருந்த என் பையன் தலையை நிமிர்த்தாமலே, "சித்தி, தொப்பி உங்க தலையில இருக்கு" என்றான். அவள் உடனே போனை உள்ளே வைத்துவிட்டாள். தொப்பி தலையில் இல்லாத மற்றவர்களுக்குத்தான் உண்மையான விடுமுறை. என் மனைவி நிம்மதியாகக் கண்ணை மூடித் தூங்குவதை அந்த அரை மணி நேரங்களில்தான் பார்க்கிறேன்.

வயதானவர்களைப் பற்றித் திட்டமிடும்போது பலரும் நாற்காலியும் நிழலும் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். அம்மாவுக்குக் கடலில் நிற்க வேண்டும். கணுக்காலளவு தண்ணீர் போதும். அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியில் மணல் கரைந்து உள்ளே இறங்குமே, அது அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். ஒவ்வொரு அலைக்கும் பாதம் இன்னும் கொஞ்சம் புதையும், விரல்களை மடக்கி மணலைப் பிடித்துக்கொள்வாள், பிடி நழுவும், சிரிப்பாள். ஆனால் சரியாக அந்த நேரத்தில்தான் உடம்பு பின்னால் சாயும். ஆகவே ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், கடலுக்கு முதுகைக் காட்டாமல். கடல் வற்றியிருக்கும் நேரமும் அலை ஓய்ந்த காலையும் ஒன்றாக வரும் நாட்களை நான் முதலிலேயே அம்மாவுக்கென்று எடுத்து வைத்துவிடுவேன்.

மருந்துப் பையைப் பற்றிச் சுருக்கமாக. ஜெல்லிமீன் பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது, மணலைப் போட்டு உரசக் கூடாது, நல்ல தண்ணீரும் ஊற்றக் கூடாது. ஒட்டியிருக்கும் இழைகளைச் சிறு இடுக்கியால் எடுத்துவிட்டுக் கடல் நீரால் கழுவலாம். வினிகர் சில இனங்களுக்குக் கேட்கும், சிலவற்றுக்குக் கேடாகவும் முடியும். அந்தக் கரைக்கு எது சரி என்று அங்குள்ள உயிர்காப்பாளருக்குத் தெரியும். அப்புறம் இடி கேட்டால் உடனே தண்ணீரை விட்டும் மணலை விட்டும் கிளம்பிக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத் திரும்பலாம்.

மணல் விளையாட்டுக்கும் ஒரு சொல். காய்ந்த மணல் நிற்காது, சொதசொதவென்று நனைந்த மணலும் நிற்காது. மணல்களுக்கு நடுவே மெல்லிய நீர்ப்பாலம் உண்டாகிற அளவு ஈரம் இருந்தால்தான் கோட்டை எழும்பும். அலை கடைசியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போன கோட்டுக்குச் சற்று மேலே இருக்கும் மணல் அதற்குத் தோதானது. கோட்டை எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் எழும்பட்டும். குழி மட்டும் அங்கிருப்பவர்களில் மிகக் குள்ளமானவரின் முழங்காலுக்கு மேல் ஆழமாகப் போகக் கூடாது. பக்கச் சுவர் சரிந்தால் மணலின் பாரத்துக்கு அடியிலிருந்து பிள்ளையை வெளியே எடுப்பது பெரியவர்களுக்கே கடினம். அதனால் எங்கள் பிள்ளைகள் ஆழமாகத் தோண்டுவதற்குப் பதில் அகலமாகத் தோண்டுகிறார்கள், ஒரு குழியிலிருந்து இன்னொன்றுக்கு வாய்க்கால் வெட்டி இணைக்கிறார்கள். அறைக்குக் கிளம்பும் முன் எல்லாவற்றையும் மூடிவிடுவோம். இருட்டில் நடப்பவர் கால் இடறும், முட்டையிட ஏறி வரும் கடலாமைகளும் கடலுக்கு இறங்கும் குஞ்சுகளும் அதற்குள் விழுந்துவிடும். பெரியவர்களும் சேர்ந்துகொண்டு காலால் தள்ளினால் ஐந்து நிமிட வேலை.